மலையில் மழை சைபர்

காலை ஆறேகால் மணிக்குக் கூட்டுரோட்டில் ஒன்பது பெண்கள் ஆதிமூலத்தின் கையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். கையில் செல்போன். அதில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது, வேறொன்றும் வரவில்லை. மலை மழையைச் சொல்லும் அந்தப் பக்கம் முதல் தடவை திறக்கும்போது அப்படித்தான் ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். இன்டர்நெட்டில் ஓசியில் கிடைத்த இடத்தில் வைத்திருப்பதால் ஆள் வராத நேரத்தில் அது தூங்கிவிடும், முதலில் வருகிற ஆள்தான் எழுப்ப வேண்டும் என்று அதைச் செய்த மகள் மலர்விழி சொல்லியிருந்தாள். தினமும் அதை எழுப்புகிற ஆள் தான்தான் என்பதில் ஆதிமூலத்துக்கு வெளியே சொல்லாத ஒரு சந்தோஷம்.

"எழுந்துக்கிச்சாண்ணே, இன்னும் கொறட்டைதானா?" என்றாள் பச்சையம்மாள். அவள் ஒருத்திதான் டாட்டா ஏஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் தூக்குச்சட்டியும் கையுமாகக் கீழே நின்றார்கள்.

வண்டிக்காரன் சுபாஷ் எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தான். பெண்கள் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போகிறவர்கள். மலையடிவாரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காட்டில் ஒரு மாசத்துக்கு மேலாக வேலை நடக்கிறது. சுபாஷ் ஓடைக்கரை வரைதான் கொண்டுபோய் விடுவான். அதற்கப்புறம் கணுக்கால் தண்ணீரில் இறங்கி, நடுவிலிருக்கும் திட்டில் ஏறி, மறுபடி இன்னொரு பிரிவில் இறங்கி நடக்க வேண்டும். ஓடை இரண்டாகப் பிரிந்து அந்தத் திட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. சாதாரண நாளில் ஆடுகூடத் தாண்டிவிடும். ஆனால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை ஐந்தாறு மணி நேரத்தில் மரத்தையும் கல்லையும் புரட்டிக்கொண்டு வந்து நிற்கும். போன வருஷம் ஒரு ஜோடி மாட்டை அப்படித்தான் அடித்துக்கொண்டு போனது.

வட்டம் நின்றது. எழுத்து வந்தது. ஆதிமூலம் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைப்பதுபோல் படித்தான். "மலை உச்சி. கடந்த ஒரு மணி நேரத்தில் மழை. சைபர் மில்லிமீட்டர்."

பெண்கள் ஏற ஆரம்பித்தார்கள். அவன் பெண்சாதி கொளஞ்சியம்மாள் மட்டும் ஏறவில்லை. அவள் செல்போனைப் பார்க்கவேயில்லை, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளா சைபர்னே சொல்ற."

"இருந்தா சொல்ல மாட்டனா?"

"தோ பாருய்யா. இடுப்புக்கு மேல மலையே காணம்."

"பனிமே அது. ஐப்பசியில பின்ன இன்னா வெய்யிலா காயும்?"

"எனக்கு இன்னாமோ சரியாப் படல."

"நீ கீழேருந்து பாத்துக்கினு சொல்ற. அது மேலேருந்து பாத்து சொல்லுது. எது சரியா இருக்கும்?"

வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.  கொளஞ்சியம்மாள் அப்படித்தான், மூன்று தடவை சொல்வாள், நாலாவது தடவை சொல்ல மாட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். வண்டி திரும்பும்போதும் அவள் முகம் மலைப் பக்கமே இருந்தது. ஆதிமூலம் சின்னசேலம் பஸ்ஸைப் பிடிக்க ரோட்டைத் தாண்டினான்.

சின்னசேலத்தில் மக்காச்சோள மண்டியில் அவன் லோடுமேன். பதினேழு வருஷமாக மூட்டை தூக்குகிறான். எழுத்துக் கற்றுக்கொண்டதும் மூட்டைகளில்தான், அதுவும் முப்பத்தெட்டு வயதுக்கு மேல். மூட்டை மேல் அச்சடித்த ஊர்ப் பெயரை யாராவது வாய்விட்டுப் படித்தால் அதை மனசில் பிடித்துக்கொள்வான். மறுநாள் அதே எழுத்து வேறு மூட்டையில் எங்கே வருகிறது என்று தேடுவான். தமிழ் முடிந்து, இங்கிலீஷ் எழுத்தும் அப்படியே வந்தது. தோளில் சுமக்கும்போது மூட்டையின் எழுத்து கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு கண்ணால் படித்துக்கொண்டே லாரிக்குச் சாய்த்த பலகையில் ஏறுவான். இரண்டு வருஷம் ஆனது. ஒரு நாள் பஸ்ஸின் போர்டை யாரையும் கேட்காமல் படித்து ஏறி, உட்கார்ந்து, கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கும்போது ஊர்ப் பெயரை இரண்டு தடவை சொன்னான்.

மலர்விழி கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் படிப்பு கடைசி வருஷம் படிக்கிறாள். ஆடி மாசத்தில் காலேஜில் ஆளுக்கொரு புராஜெக்ட் செய்யச் சொன்னார்கள். பைத்தானில் எழுத வேண்டும், வெளியிலிருந்து அந்த நேரத்துத் தகவலை வாங்கி ஒரு பக்கத்தில் காட்ட வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் கிரிக்கெட் ஸ்கோர், தங்கம் விலை என்று எடுத்துக்கொண்டார்கள். மலர்விழி சோறு தின்றுகொண்டே அம்மாவைக் கேட்டாள். "உனக்கு இன்னா தெரிஞ்சா நல்லாருக்கும்மா?"

கொளஞ்சியம்மாள் யோசிக்கவே இல்லை. "மலையில மழ பேயுதான்னு தெரிஞ்சா போதும்."

அப்படி ஆரம்பித்ததுதான். வெளிநாட்டில் எங்கேயோ வானிலை சொல்கிற ஒரு இடம் இருக்கிறதாம். எந்த இடத்து மழை வேண்டும் என்று முறையாகக் கேட்டால் பதில் அனுப்புமாம். மகள் சொன்னதை ஆதிமூலம் தனக்குத் தெரிந்த விதத்தில் வைத்துக்கொண்டான். மண்டியில் எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு சன்னல் உண்டு. சீட்டை உள்ளே நீட்டினால் வேறொரு சீட்டு வெளியே வரும். உள்ளே இருப்பவன் முகம் தெரியாது. அது மாதிரி ஒன்று. மகள் எழுதிய நிரல் சீட்டை நீட்டுகிறது, வந்த சீட்டைப் படித்துத் தமிழில் எழுதி வைக்கிறது. ஊர்ப் பெயர் சொன்னால் அந்தச் சன்னலுக்குப் புரியாது என்பதால் மலை உச்சியின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொடுத்திருந்தாள். மலைக்கு இப்படி ஒரு எண் இருக்கிறது என்பதே ஆதிமூலத்துக்குப் புதுசு. இரண்டு நாள் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பக்கம் வந்த முதல் வாரத்திலேயே கூட்டுரோட்டில் அவனுக்கு ஒரு இடம் வந்துவிட்டது. மற்றவர்களிடமும் செல்போன் இருந்தது, மற்றவர்களும் திறக்கலாம். ஆனாலும் ஆதிமூலம் வந்து படிக்கட்டும் என்று நின்றார்கள். இரண்டு மில்லிமீட்டர் என்று படித்தால் பெண்கள் போவார்கள். பத்து என்று படித்த ஒரு நாள் போகவில்லை, மத்தியானம் ஓடை முழங்காலுக்கு மேல் போனது. அன்றைக்கு டீக்கடையில் அவனுக்கு வடையோடு டீ வந்தது.

இரண்டாவது வாரத்தில் ஒரு காலை பக்கம் காலியாக வந்தது. 'மழை' என்ற எழுத்து இருந்தது, அதற்கு எதிரே ஒன்றுமில்லை. கீழே இங்கிலீஷில் நாலு வரி நீளத்துக்கு ஏதோ இருந்தது. எழுத்துத் தெரிந்தது, அர்த்தம் தெரியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாய் திறந்தபடி நின்றான். பச்சையம்மாளின் புருஷன் காசிநாதன் அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தான். "இன்னா மாமா, மலையே தொலஞ்சி போச்சா? எழுத்து மறந்துட்டியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சாதாரணச் சிரிப்புதான். ஆதிமூலத்துக்குக் காது சுட்டது. முப்பத்தெட்டு வருஷம் ஒளித்து வைத்திருந்த ஒன்று நடுரோட்டில் அவிழ்ந்து விழுந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னான். "மலரு, அது காலியா வரக்கூடாது. ஏதாவது ஒண்ணு வரட்டும்."

"பதில் வரலன்னா நான் இன்னாத்தப்பா போடறது?"

"ஏதாவது போடு. நாலு பேரு முன்னாடி நான் படிக்கணும் இல்ல?"

 அவள் கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு வரியைச் சேர்த்தாள். பதில் வராவிட்டால் மழையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள். அவ்வளவுதான் அந்த வரி. அவன் குனிந்து இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினான். கடைசியில் இருந்த சைபரை மட்டும் கூட்ட வேண்டியிருக்கவில்லை. அதற்கப்புறம் பக்கம் ஒரு நாளும் காலியாக வரவில்லை. ஆதிமூலம் அதை ஊர் முழுக்க அனுப்பினான். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஓட்டுகிற டிராக்டர்காரர்களுக்கு, எலவனாசூர்கோட்டை மச்சினனுக்கு, மச்சினன் இருக்கிற மூன்று குரூப்புகளுக்கு. மலையில் மழை பெய்வதால் எலவனாசூர்கோட்டையில் யாருக்கும் ஒன்றும் ஆகப் போவதில்லை. ஆனாலும் திறந்து திறந்து பார்த்தார்கள்.

மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு மண்டி வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. மலை மேலிருந்து சோளம் ஏற்றி வருகிற கலையரசனின் வண்டி. தார்ப்பாயிலிருந்து தண்ணீர் கோடு கோடாக வடிந்துகொண்டிருந்தது. சின்னசேலத்தில் ஒரு தூறல்கூட இல்லை. புழுக்கமாக இருந்தது.

"இன்னாடா, வண்டிய கழுவி பொட்டு வெச்சி ஓட்டியாந்தியா?" என்று எடைபோடுகிறவர் கேட்டார்.

"நீ வேறண்ணே. ராவெல்லாம் தூறிக்கினே இருந்துச்சி. விடிஞ்சதுலேருந்து வானத்தப் பொத்துக்கினு ஊத்துது. வெள்ளிமலை ரோட்டுல தண்ணி குறுக்க போவுது. நான் தப்பிச்சி வந்ததே பெருசு."

ஆதிமூலம் மூட்டையோடு பலகையின் நடுவில் நின்றுவிட்டான். பின்னால் ஏறியவன் திட்டினான்.

"எங்கடா ஊத்துது?"

"மேலதாண்ணே."

"மேல மழ இல்லியே. சைபர் போட்டுக்குதே."

கலையரசன் தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தான். "எவன் போட்டான்? வந்து எங்கூட்டு ஓட்டு மேல நின்னுக்கினு போடச் சொல்லு."

ஆதிமூலம் மூட்டையை இறக்கினான். போட்டான் என்றுதான் சொல்ல வேண்டும், ஒரு பக்கம் தையல் விட்டுச் சோளம் சிதறியது. செல்போனை எடுத்துத் திறந்தான். சைபர். மணி மட்டும் சரியாகப் பன்னிரண்டு முப்பத்தாறு என்று காட்டியது. மூடித் திறந்தான். சைபர். பன்னிரண்டு முப்பத்தேழு. டெம்போவிலிருந்து வடிந்த மலைத் தண்ணீர் மண்ணில் ஓடிவந்து அவன் கால் விரலை நனைத்தது.

கொளஞ்சியம்மாளிடம் செல்போன் கிடையாது. பச்சையம்மாளின் எண்ணைப் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது. சுபாஷைக் கூப்பிட்டான்.

"மூணு மணிக்குத்தானண்ணே நான் கூட்டியாரப் போவணும்?"

"இப்பவே போ. கரையிலேருந்து கத்தி அவங்கள அந்தாண்டயே நிக்கச் சொல்லு. ஓடையில எறங்க வாணாம்னு சொல்லு."

"காலைல நீதான சைபர்னு..."

"போடாங்கிறன்ல."

அதற்கப்புறம்தான் மலர்விழியைக் கூப்பிட்டான். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை மெல்லிய குரலில் பேசினாள், லேபில் இருந்தாள்.

"மலரு, மலையில ஊத்துதாம். அது சைபர்னு சொல்லுது. இன்னான்னு பாரு."

விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. யாரோ பக்கத்தில் சிரிப்பது கேட்டது. ஆதிமூலம் காதை மாற்றி வைத்துக்கொண்டான்.

"அப்பா... அது பதிலே தரலப்பா. இருவத்தஞ்சாந் தேதியிலேருந்து தரல. ஓசியில மாசத்துக்கு இத்தினி தடவதான் கேக்கலாம்னு ஒரு அளவு இருக்குது. யாரு தொறந்தாலும் ஒரு தடவ கேக்கும். அளவு தீந்து போச்சி. கேக்கக் கேக்க இல்லன்னு திருப்பி அனுப்பிக்கினு இருக்குது."

"அப்ப அந்தச் சைபரு?"

 "அது நம்ம போட்டதுப்பா."

நீ போடச் சொன்னது என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டவாவது செய்திருப்பான்.

"அம்மா எங்கப்பா?"

"நான் போய்க்கினே இருக்கன்" என்றான் ஆதிமூலம். அவன் இன்னும் சிதறிய சோளத்தின் மேல்தான் நின்றிருந்தான்.

ஓடைப் பக்கம் போகிற கச்சிராயப்பாளையம் பஸ் ஒன்றேகாலுக்குத்தான் கிளம்பியது. எல்லா நிறுத்தத்திலும் நின்றது. நிறுத்தமில்லாத இடத்திலும் கை காட்டியவர்களுக்கு நின்றது. ஒரு கிழவர் ஒரு ஆட்டுக்குட்டியை ஏற்ற வேண்டும் என்றார், கண்டக்டர் முடியாது என்றார், அதற்கு ஐந்து நிமிஷம் போனது. ஆதிமூலம் உட்கார இடமிருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்கார்ந்தால் பஸ் இன்னும் மெதுவாகப் போகும் என்று தோன்றியது. செல்போனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். ஒவ்வொரு தடவையும் சைபர். கேட்டுக் கேட்டுத்தான் தீர்ந்து போனது என்று மகள் சொன்ன பிறகும் விரல் போய் அதைத் தொட்டது.

மகளுக்கு நாலு வயது இருக்கும்போது வீட்டுக்கு ஒரு தாள் வந்தது. கொளஞ்சியம்மாள் அதைக் கொண்டுவந்து நீட்டி இன்னா எழுதியிருக்குது என்று கேட்டாள். அவளுக்கும் எழுத்துத் தெரியாது. கல்யாணத்தின்போது மாப்பிள்ளை படிப்பார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அதை அவன் மறுத்ததில்லை. தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்று கூரையில் செருகினான். அரசாங்கத் தொகுப்பு வீட்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் குறிப்பிட்ட தேதியில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று அதில் இருந்தது. தெருவில் மற்றவர்கள் அஸ்திவாரம் தோண்டும்போதுதான் விஷயம் தெரிந்தது.  கொளஞ்சியம்மாள் கூரையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மடித்து, அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். அவனுக்கு எழுத்துத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கும் அவர்கள் ஓட்டை விழுந்த கூரைக்குக் கீழேதான் படுக்கிறார்கள். மூட்டை எழுத்தை ஒரு கண்ணால் பார்க்க ஆரம்பித்தது அந்த வருஷத்துக்குப் பிறகுதான்.

பஸ் ஒரு மேட்டில் ஏறியபோது மலை தெரிந்தது. மலை என்று இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சுவர் நின்றது. செல்போனைத் திறந்தான். வட்டம் சுற்றியது. பிறகு வேறொரு பக்கம் வந்தது. சைபர் இல்லை. மழை என்ற எழுத்துக்கு எதிரே 'தெரியவில்லை' என்று இருந்தது. மலர்விழி காலேஜிலிருந்தே மாற்றிவிட்டாள். ஆதிமூலம் அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டாமல் ஒரே பார்வையில் படித்தான்.

கச்சிராயப்பாளையத்தில் இறங்கி பைக்கில் போன ஒருவனைக் கெஞ்சி ஏறி ஓடைக்கரைக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று ஆகப் போனது. ஓடையைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் சத்தம் கேட்டது. லோடு ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்று உறுமுகிற மாதிரி. கரையில் இருபது பேர் இருந்தார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு போனது. ஒரு முழு மரவள்ளிச் செடி வேரோடு உருண்டு போவதைப் பார்த்தான்.

பெண்கள் திட்டில் இருந்தார்கள். வானம் இருண்டதைப் பார்த்துச் சீக்கிரமே வேலையை விட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். முதல் பிரிவைத் தாண்டித் திட்டில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஏறிவிட்டது. முன்னாலும் வர முடியாது, பின்னாலும் போக முடியாது. திட்டில் ஒரு புங்கமரம். அதைச் சுற்றி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆதிமூலம் எண்ணினான். எட்டு. மறுபடி எண்ணினான். எட்டு. பிறகு மரத்தின் வேரில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பச்சையம்மாள். இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"எறங்கிப் பாத்துச்சிண்ணே அந்த அக்கா" என்றான் சுபாஷ்.  "நான் வந்து கத்தறதுக்குள்ள எறங்கிடுச்சி. நாலடி இழுத்துக்கினு போச்சி. அண்ணிதான் பொடவயப் புடிச்சி இழுத்துப் போட்டுச்சி. கை ஒடஞ்சிருக்கும் போல. தீயணைப்பு வண்டிக்கு சொல்லியாச்சி, கள்ளக்குறிச்சியிலேருந்து வந்துக்கினு இருக்குதாம்."

காசிநாதன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றான். இரண்டு பேர் அவனைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஆதிமூலத்தைப் பார்த்ததும் அவர்களை உதறிக்கொண்டு கரையேறி வந்தான்.

"வந்துட்டியா? படி. இப்ப இன்னா போட்டுக்குது, படி."

 சுபாஷ் காசிநாதனிடம் தன் செல்போனைக் காட்டினான். "இப்ப தெரியவில்லைன்னு போட்டுக்குது மாமா."

"ஓகோ. இப்பதான் தெரியலயா?" காசிநாதன் கரையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். "பொண்ணப் படிக்க வெச்சிட்டானாம் பொண்ண. அவ படிச்சி கிழிச்ச லட்சணம் எம் பொண்டாட்டி கையி ஒடஞ்சி உக்காந்துக்குனு இருக்குறா. கூட்டியாந்து நிறுத்துய்யா உம் பொண்ண இங்க. அவளும் பாக்கட்டும்."

"அவ இல்ல" என்றான் ஆதிமூலம்.

"இன்னா அவ இல்ல?"

"அவ காலியாத்தான் வுட்டிருந்தா. பதில் வரலன்னா காலியா இருக்கும். நான்தான் எதையாவது போடுன்னேன். தெரியாதத சைபர்னு போட வெச்சது நானு." தண்ணீர்ச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. எல்லோருக்கும் கேட்டது. "அன்னிக்கி காலியா வந்துச்சே, நீ சிரிச்ச. எல்லாம் சிரிச்சாங்க. எனக்குத் தாங்கல."

காசிநாதன் அடிப்பான் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். காசிநாதன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"நான் சிரிச்சனா? எப்ப?"

அவனுக்கு உண்மையிலேயே ஞாபகமில்லை. ஆதிமூலம் அவன் முகத்தைப் பார்த்தான். அதில் பயத்தைத் தவிர ஒன்றுமில்லை. இடுப்பில் கயிறும் தொடை வரைக்கும் சேறுமாக நின்றான்.

அந்தப் பக்கம் கொளஞ்சியம்மாள் ஏதோ கத்தினாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆதிமூலம் ஓடைக்கு எவ்வளவு கிட்டத்தில் போக முடியுமோ அவ்வளவு போனான். "நாந்தான்மே!" என்று கத்தினான். அவள் காதில் கை வைத்துக் காட்டினாள். மறுபடி கத்தினான். அவள் தலையை ஆட்டினாள். கேட்கவில்லை என்கிறாளா, போதும் விடு என்கிறாளா தெரியவில்லை. இருபது கஜம்தான் இருக்கும். மண்டி வாசலிலிருந்து எடைமேடை வரைக்குமான தூரத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி.

காசிநாதன் கரையோரத்தில் கிடந்த வேலிக் குச்சி ஒன்றை எடுத்து, தண்ணீர் மண்ணைத் தொடுகிற இடத்தில் சரியாகக் குத்தி நிறுத்தினான். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் வந்து சுற்றி நின்றார்கள்.  தண்ணீர் குச்சியைத் தொட்டது, விலகியது, தொட்டது, கொஞ்சம் தாண்டியது, மறுபடி விலகியது. அலை அடிக்கிற தண்ணீரில் இதுதான் மட்டம் என்று எதைச் சொல்வது?

"ஏறுதா, எறங்குதா?" என்றான் காசிநாதன்.

ஒருத்தன் ஏறுது என்றான். இன்னொருத்தன் இல்லை, அப்படியே நிற்குது என்றான். தூரத்தில் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தீயணைப்பு வண்டியாக இருக்கலாம், காற்றாகவும் இருக்கலாம்.

திட்டில் கொளஞ்சியம்மாள் மற்றவர்களை விட்டுத் தனியாக விளிம்புக்கு வந்தாள். கையில் ஒரு மரவள்ளிக் குச்சி இருந்தது, நடுவதற்காகக் காட்டிலிருந்து கொண்டுவந்ததாக இருக்கும். குனிந்து அவள் பக்கத்துத் தண்ணீர் ஓரத்தில் அதைக் குத்தினாள். அங்கேயே நின்று அதைப் பார்த்தாள். இந்தக் கரையில் எல்லோரும் தங்கள் குச்சியை விட்டுவிட்டு அவள் குச்சியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் போனது. அவள் குனிந்து அதைப் பிடுங்கினாள், வேறு இடத்தில் குத்தினாள்.

"மேட்டுப் பக்கம் நட்டாளா, தண்ணிப் பக்கம் நட்டாளா?" காசிநாதன் ஆதிமூலத்தின் சட்டையைப் பிடித்தான். "யோவ், உன் கண்ணு நல்ல கண்ணு. தூரத்துல வர பஸ்ஸு போர்டெல்லாம் படிக்கிறியே. பாத்து சொல்லுய்யா."

ஆதிமூலம் கண்ணை இடுக்கிப் பார்த்தான். மழைப்புகையில் திட்டின் ஓரமும் தண்ணீரின் ஓரமும் ஒரே நிறமாக இருந்தன.

"தெரியல" என்றான்.

கொளஞ்சியம்மாள் மறுபடி குனிந்து குச்சியைப் பிடுங்கினாள். இந்தத் தடவை உடனே நடவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, காலடியில் இருந்த தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள்.